கேட்டவருக்கெல்லாம் சீட்டா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கை பஞ்சாங்கில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். கோல சிலாங்கூரைத் தாண்டிவிட்டால் தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் என்று வழியெல்லாம் வயல். வயல் முடிகிற இடத்தில் செம்பனை. அந்தப் பாதையில் கார் ஓட்டும்போது அலுவலக நினைப்பே வராது. ஆனால் அன்றைக்கு அண்ணன் வீட்டு வாசலிலேயே அலுவலகம் காத்திருந்தது.

அண்ணன் மகள் பசியாற வரவில்லை. அண்ணி இரண்டு முறை கூப்பிட்டும் மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்த வட்டாரத்திலுள்ள ஒரு செம்பனை ஆலையில் அவளுக்கு அலுவலக வேலை. குலை ஏற்றி வரும் லோரியை நிறுத்துச் சீட்டு அடித்துக் கொடுப்பது, மாதக் கணக்குப் பார்ப்பது. நிரந்தர வேலை இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். அடுத்த புதுப்பிப்புக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

"சித்தப்பா, இந்த லெட்டர்ல இங்கிலீஷ் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க."

பார்த்தேன். தன்னுடைய கவனக்குறைவால் நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்புக்கு ஊறு நேர்ந்ததற்கு வருந்துவதாகவும், இனி அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தாள். ஆங்கிலம் நன்றாகவே இருந்தது.

"அப்படி என்னம்மா செஞ்சே?"

"அதான் தெரியல சித்தப்பா. ஆனா ஷோ-காஸ் குடுத்துட்டாங்க."

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்த வாரப் பக்கத்தை எழுதுகிறேன். என்ன தவறு செய்தோம் என்று தெரியாமலேயே மன்னிப்புக் கேட்பது நம் பிள்ளைகளுக்கு இயல்பாக வருகிறது. தோட்டத்தில் துரைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி நின்ற பழக்கம் மூன்று தலைமுறை தாண்டியும் போகவில்லை போலிருக்கிறது.

கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். கணினித் தணிக்கை அறிக்கையின் ஒரு பக்கம். சிவப்புக் கட்டத்துக்குள் மூன்று கணக்குப் பெயர்கள். இரண்டு இயந்திரங்களுக்கானவை, மூன்றாவது இவளுடையது. மூன்றுக்கும் நேராக ஒரே வரி: கெர்பரோஸ் பிரீ-ஆத்தென்டிகேஷன் தேவையில்லை என்று அமைக்கப்பட்டுள்ளது, ஆபத்து மிக அதிகம்.

"முதல்ல இதை மூடிட்டு வந்து சாப்பிடு" என்றேன். தோசை ஆறுவதற்குள் அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஷா ஆலாமிலோ சைபர்ஜெயாவிலோ வேலை செய்யும் நம் இளைஞர்களில் பலர் தினமும் காலையில் கணினியைத் திறந்தவுடன் இந்தக் கெர்பரோஸைக் கடந்துதான் உள்ளே போகிறார்கள். பெயர் தெரிந்தவர்கள் குறைவு.

கெர்பரோஸ் என்பது கிரேக்கக் கதையில் பாதாள உலகத்தின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாய். நம் தோட்டங்களில் எல்லையைக் காக்க முனீஸ்வரர் நிற்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஒரு கணினிக் காவல் முறைக்கு வைத்தார்கள். 1983-இல் அங்கே அதீனா என்ற திட்டம் தொடங்கியது. வளாகம் முழுவதும் கணினிகளை நிறுவி, எந்த மாணவர் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் தன் கோப்புகளைத் திறக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். உடனே ஒரு சிக்கல் வந்தது. ஒவ்வொரு சேவைக்கும் மாணவர் தன் கடவுச்சொல்லை அனுப்பிக்கொண்டே இருந்தால், நடுவில் ஒட்டுக்கேட்பவன் அதைப் பிடித்துவிடுவானே!

அதற்கு அவர்கள் கண்ட வழி சீட்டு முறை. அதன் அடிப்படை யோசனை 1978-இல் ரோஜர் நீடம், மைக்கேல் ஷ்ரோடர் ஆகிய இருவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. நடுவில் எல்லாரும் நம்பும் ஒரே ஒரு சீட்டு அலுவலகம். காலையில் அங்கே ஒருமுறை போய் முதல் சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு அச்சுப்பொறி, மின்னஞ்சல், பகிர்வுக் கோப்பு என்று எது வேண்டுமானாலும் முதல் சீட்டைக் காட்டி அந்தந்தச் சேவைக்குத் தனிச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். கடவுச்சொல் உங்கள் கணினியை விட்டு வெளியே போவதே இல்லை. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் இதை எடுத்துக்கொண்ட பிறகு, உலகத்து அலுவலகங்களில் பாதிக்கு மேல் தெரிந்தோ தெரியாமலோ இந்த நாயை வாசலில் கட்டியிருக்கின்றன என்று சொன்னால் அது மிகையாகாது என்பது என் எண்ணம்.

கடவுச்சொல் வெளியே போகாது என்றால், சீட்டு அலுவலகத்துக்கு நீங்கள்தான் நீங்கள் என்று எப்படித் தெரியும்? கதையின் உயிரே இந்தக் கேள்விதான்.

எம்.ஐ.டி. முதலில் வெளியே விட்ட நான்காம் பதிப்பில் இதற்கு ஒரு சாமர்த்தியமான பதில் இருந்தது. தெரிய வேண்டிய அவசியமே இல்லை! யார் எந்தப் பெயரைச் சொல்லிச் சீட்டுக் கேட்டாலும் கொடுத்துவிடு. ஆனால் பதிலை ஒரு பெட்டியில் போட்டு, அந்தப் பெயருக்குரியவரின் கடவுச்சொல்லிலிருந்து செய்த சாவியால் பூட்டிக் கொடு. உண்மையானவர் திறந்துகொள்வார். பொய் சொன்னவன் பூட்டிய பெட்டியை வைத்துக்கொண்டு விழிப்பான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டியை அவன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாமே? அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கலாம். அலுவலகக் கணினியில் ஐந்து முறை தவறாகத் தட்டினால் கணக்கு முடங்கிவிடும் என்ற காவல் எல்லாம் இங்கே செல்லாது. அவன் உங்கள் அலுவலகத்தின் பக்கமே வரவில்லையே. பிறந்த தேதி, கார் எண், பிள்ளையின் பெயரோடு 123 என்று அவன் கணினி இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். 1990-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் பெல்லோவின், மைக்கேல் மெரிட் ஆகிய இருவரும் இந்த ஓட்டையையும் வேறு சிலவற்றையும் சுட்டிக்காட்டி எழுதினார்கள்.

1993-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதற்கு ஒரு கதவு வைத்தார்கள். அதுதான் பிரீ-ஆத்தென்டிகேஷன். தமிழில் முன்சான்று என்று வைத்துக்கொள்வோம். சீட்டுக் கொடுக்கும் முன்பே, கேட்பவர் தான் யார் என்று மெய்ப்பிக்க வேண்டும். செய்முறை எளிதுதான். உங்கள் கணினி அந்த நொடியின் நேரத்தை எடுத்து, உங்கள் கடவுச்சொல்லிலிருந்து பிறந்த சாவியால் பூட்டி அனுப்பும். சீட்டு அலுவலகத்தில் அதே சாவியின் பிரதி இருக்கிறது. திறந்து பார்க்கும். உள்ளே சரியான நேரம் இருந்தால், பூட்டியவருக்குச் சாவி தெரிந்திருக்கிறது என்று பொருள். அதன் பிறகுதான் சீட்டு. சாவி தெரியாதவனுக்குப் பெட்டியே கிடையாது.

இதை அண்ணன் மகளுக்குச் சொன்னபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் சட்டென்று பிடித்துக்கொண்டார். "பெரட்டு மாதிரின்னு சொல்லு. கிராணி மூஞ்சியப் பார்த்த பிறகுதானே செக்ரோல்ல போடுவாரு. பேரு மட்டும் சொன்னா போட்டுருவாரா?" விடியற்காலை இருட்டில் பெரட்டுக் களத்தில் அப்பாவோடு நின்றவர் அவர். அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

நேரத்தைப் பூட்டி அனுப்புவதற்கும் ஒரு காரணம் உண்டு. வேறு ஏதாவது மாறாத வாசகத்தை அனுப்பினால், அதைப் பிடித்து வைத்துக்கொண்டு நாளைக்கு யாரோ மறுபடி அனுப்பலாம். நேரம் பழையதாகிவிடும். வழக்கமான அமைப்பில் 5 நிமிட வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால் கடவுச்சொல் சரியாக இருந்தாலும் கதவு திறக்காது. திங்கட்கிழமை காலையில் "நேற்றுவரை வேலை செஞ்சது சார்" என்று தொலைபேசி வந்தால் நான் முதலில் கேட்பது கடிகாரத்தைத்தான்.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். சிலர் கணினியை அமைக்கும்போது நேர மண்டலத்தில் கோலாலம்பூருக்குப் பதில் ஜகார்த்தாவைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் காட்டும். உடனே கையால் முள்ளைத் தள்ளிச் சரிசெய்வார்கள். பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே உலகப் பொது நேரத்தில் கணக்கிடும் கெர்பரோஸுக்கு அந்தக் கணினி ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சீட்டு கிடைக்காது. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்களே, அப்போது தோட்டத்தில் பெரியவர்கள் பல நாள் "பழைய நேரமா, புது நேரமா" என்று கேட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வரும். கணினிக்கு அப்படிக் கேட்கத் தெரியாது. முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்று சொல்லிவிடும்.

சரி, சீட்டைப் பற்றிப் பேசினோம். அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கும்?

இங்கே என் தாத்தாவின் காலத்துக்குக் கொஞ்சம் போய்வர வேண்டும். கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் வந்த கதை நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். செம்பனையை நாட்டிலேயே முதலில் வணிகத்துக்காகப் பயிரிட்டதும் இந்த வட்டாரத்தில்தான். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தையை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவை, ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில் ஹென்ரி ஃபொக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். ஆட்களைக் கூட்டி வந்தவர்கள் கங்காணிகள். ஆனால் கங்காணி நினைத்தபடியெல்லாம் போய் ஆள் கூட்டிவிட முடியாது. அவருக்கு லைசென்ஸ் வேண்டும். எந்தத் தோட்டத்துக்காக, எத்தனை பேர் வரை என்று அதில் எழுதியிருக்கும். ஊருக்குப் போனதும் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த மலாயாக் குடியேற்ற அலுவலகத்தில் அதைப் பதிய வேண்டும். பிறகு கிராமத்தில் அவர் சேர்க்கும் ஆட்களைக் கிராம முன்சீப் பார்த்து, இவர்கள் போவதில் தடையில்லை என்று ஒப்பமிட வேண்டும். அதற்குப் பிறகுதான் முகாம், கப்பல் எல்லாம். 1938-இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்ற குடியேற்றத்தை நிறுத்தும்வரை இது நடந்தது.

முன்சீப்பின் ஒப்பம்தான் அந்தக் காலத்து முன்சான்று என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. முழுக்கப் பொருந்தாது. முன்சீப் மூன்றாவது ஆள். கெர்பரோஸில் மூன்றாவது ஆள் யாரும் சாட்சிக்கு வருவதில்லை, உங்களுக்குத் தெரிந்த இரகசியமே சாட்சி. ஆனால் லைசென்ஸ் அப்படியே பொருந்துகிறது. ஒருவரின் பெயரில் இன்னொருவர் செயல்பட அனுமதி, அந்த அனுமதிக்கு ஓர் எல்லை.

கெர்பரோஸ் சீட்டிலும் இப்படி எல்லைகளைக் குறிக்கும் அடையாளங்கள் உண்டு. சீட்டுக் கேட்கும்போதே உங்கள் கணினி இது வேண்டும், அது வேண்டும் என்று விருப்பங்களைச் சொல்லும். சீட்டு அலுவலகம் தன் விதிப்படி சிலவற்றைக் கொடுக்கும், சிலவற்றை மறுக்கும். முதலில் ஆயுள். விண்டோஸின் வழக்கமான அமைப்பில் ஒரு சீட்டு 10 மணி நேரம் வாழும். காலை எட்டு மணிக்குக் கணினியைத் திறந்தவருக்கு மாலை ஆறு வரை. சீட்டுத் திருட்டுப் போனாலும் அதற்கு மேல் பயன்படாது என்பதற்காக இந்தச் சின்ன ஆயுள். புதுப்பிக்கத்தக்கது என்ற அடையாளம் இருந்தால், காலாவதி ஆகும் முன் கடவுச்சொல்லை மறுபடி கேட்காமலே நீட்டித்துக்கொள்ளலாம். அதற்கும் 7 நாள்தான் உச்சம். முன்தேதியிட்ட சீட்டு என்றும் ஒன்று இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு ஓட வேண்டிய வேலைக்கு மாலையிலேயே சீட்டு வாங்கி வைப்பது. விண்டோஸ் அதை ஏற்பதில்லை, ஆகையால் நம் அலுவலகங்களில் பார்க்கக் கிடைக்காது.

கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. பதிலாள் சீட்டு என்பது ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் உங்கள் பெயரில் இன்னொரு கணினி செயல்பட அனுமதிப்பது. இந்தக் கோப்பை எடுத்து அச்சடித்துக்கொள், அவ்வளவுதான். முன்னனுப்பத்தக்க சீட்டு அப்படியில்லை. அது உங்கள் முதல் சீட்டையே இன்னொரு கணினியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கிருந்து உங்கள் பெயரில் எந்தச் சேவைக்கும் போகலாம். ஒன்று கங்காணிக்கு எழுதிக் கொடுத்த லைசென்ஸ். இன்னொன்று வெள்ளைத் தாளில் கையெழுத்து. வசதிக்காக இரண்டாவதைத்தான் பெரும்பாலான இடங்களில் எல்லாருக்கும் திறந்து விட்டிருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நிர்வாகி அதிகாரம் உள்ள கணக்குகளுக்காவது அதை மூடி வைக்கச் சொல்லி நான் பேசாத கூட்டம் இல்லை.

முன்சான்று காட்டி வாங்கிய சீட்டு என்றால் அதற்கும் ஓர் அடையாளம் சீட்டிலேயே பதியும். சேவையைக் கொடுக்கும் கணினி அதைப் பார்த்து, இவர் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

இனி அண்ணன் மகளின் சிவப்புக் கட்டத்துக்கு வருகிறேன். விண்டோஸில் ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் ஒரு பக்கம் உண்டு. அதில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். அவற்றில் ஒன்றின் பெயர் "டு நாட் ரெக்வையர் கெர்பரோஸ் பிரீ-ஆத்தென்டிகேஷன்". சில கட்டங்களில் டிக் போட்டால் காவல் கூடும். இங்கே டிக் போட்டால் காவல் போய்விடும். யாரும் டிக் போடாதவரை எல்லாக் கணக்குக்கும் முன்சான்று கட்டாயம். போட்டுவிட்டால் அந்தக் கணக்கு 1980-களுக்குத் திரும்பிவிடுகிறது. அலுவலக வலையமைப்புக்குள் நுழைந்த எவனும் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் பூட்டிய பெட்டி கிடைக்கும். வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சாவி போட்டுப் பார்க்கலாம். இந்தத் தாக்குதலுக்கு வறுத்தெடுப்பது என்றே இந்தத் தொழிலில் பெயர், ரோஸ்டிங் என்பார்கள்.

"அப்படின்னா யாராச்சும் என் பேர்ல உள்ள பூந்துட்டாங்களா சித்தப்பா?"

இல்லை. இதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். கட்டத்தில் டிக் இருப்பதால் மட்டும் யாரும் உள்ளே நுழைந்துவிட முடியாது. பூட்டுப் பூட்டாகத்தான் இருக்கிறது, பெட்டி மட்டும் தெருவில் கிடைக்கிறது. கடவுச்சொல் நீளமாக, ஊகிக்க முடியாததாக இருந்தால் பெட்டியை எடுத்துப் போனவன் நொந்துபோவான். மறுபுறம், முன்சான்று இருந்தால் எல்லாம் பத்திரம் என்பதும் சரியில்லை. கம்பியில் ஒட்டுக்கேட்கும் இடத்தில் இருப்பவன், நீங்கள் பூட்டி அனுப்பும் நேரத்தையே பிடித்துக்கொண்டு ஊகிக்க உட்காரலாம். ஆனால் அதற்கு அவன் நீங்கள் உள்ளே நுழையும் நேரம் பார்த்து நடுவழியில் காத்திருக்க வேண்டும். கேட்டவுடன் கிடைப்பதற்கும் காத்திருந்து பிடிப்பதற்கும் நிறைய வித்தியாசம். சாவி செய்யும் முறையும் பழையதாக இருந்தால் இன்னும் மோசம். ஆர்சி-4 என்ற பழைய முறையில் கடவுச்சொல்லை ஒரே ஒரு முறை அரைத்துச் சாவி செய்கிறார்கள். ஏ.இ.எஸ். என்ற புது முறையில் வழக்கமாக 4096 முறை. ஊகிப்பவனுக்கும் ஒவ்வொரு தடவையும் அத்தனை அரைப்பு வேலை.

"உன் கணக்கில் அந்த டிக்கை நீ போட முடியுமா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கத்தையே அவள் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. நிர்வாகி அதிகாரம் இருப்பவர்தான் திறந்து டிக் போட முடியும். அதாவது, அவள் எந்தத் தவறுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறாளோ, அந்தத் தவறைச் செய்யும் வசதியே அவளிடம் கிடையாது.

பின்னே யார் போட்டது? அதைத் துழாவினோம். அவளுடைய கணக்கின் பெயரைப் பாருங்கள், அதில் அவள் பெயர் இருக்கிறது. ஆனால் அறிக்கையின் கடைசிப் பத்தியில் கணக்கு உருவான ஆண்டு என்று ஒரு கட்டம். அதில் இருந்தது 2013. அவள் வேலைக்குச் சேர்ந்தது 2021. எட்டு ஆண்டுக்கு முன்பு, அவள் இன்னும் படிவம் இரண்டில் இருந்தபோது, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த யாருக்கோ உருவாக்கிய கணக்கு. அவர் போனதும் புதுக் கணக்குத் திறக்கச் சோம்பல்பட்டு, இருந்ததையே பெயர் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் மாறும், டிக் மாறாது.

டிக் ஏன் விழுந்தது என்பதையும் என்னால் ஊகிக்க முடிந்தது. ஏனென்றால் நானே போட்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பழைய கணக்குப் பதிவு முறை ஒன்று இருந்தது. அது முன்சான்று அனுப்பத் தெரியாத பழங்காலத்து மென்பொருள். மாதக் கடைசி, சம்பளம் போட வேண்டும், சீட்டு கிடைக்கவில்லை. விற்றவரைக் கூப்பிட்டால், அந்தக் கட்டத்தில் டிக் போடுங்கள் சரியாகிவிடும் என்றார். போட்டேன், சரியாகிவிட்டது. ஒரு வாரத்தில் புது மென்பொருள் வந்ததும் எடுத்துவிடலாம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கணினித் திரையில் ஒட்டினேன். மூன்று ஆண்டு கழித்து அந்த வேலையை விட்டு வந்தபோதும் டிக் இருந்தது. துண்டுச் சீட்டுத்தான் எங்கோ விழுந்துவிட்டது. எனக்குப் பிறகு அந்தக் கணக்கில் உட்கார்ந்தது யாரோ, எந்தப் பிள்ளைக்குக் கடிதம் வந்ததோ.

ஆகவே கடிதத்தைத் திரும்ப எழுதினோம். மன்னிப்பு என்ற சொல்லை எடுத்துவிட்டோம். சண்டையும் போடவில்லை. நாலே விஷயம். இந்த அமைப்பை மாற்றும் அதிகாரம் பயனருக்குக் கிடையாது. கணக்கு உருவான ஆண்டு நான் சேர்ந்த ஆண்டுக்கு முந்தியது. முன்சான்று கட்டாயமாக இருக்கும்படி கணினிப் பிரிவு மாற்றித் தர வேண்டும், மாற்றிய அன்றே நான் புதுக் கடவுச்சொல் வைத்துக்கொள்கிறேன். நாலாவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். சீட்டு வழங்கிய ஒவ்வொரு முறையும் விண்டோஸ் 4768 என்ற எண்ணில் ஒரு பதிவு வைக்கிறது, அதில் முன்சான்றின் வகை 0 என்று இருந்தால் சான்று காட்டாமல் வாங்கிய சீட்டு. என் பெயரில் அப்படி வாங்கிய சீட்டுகள் எந்தக் கணினியிலிருந்து கேட்கப்பட்டன என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன் அந்த நாலாவதைப் படித்துவிட்டு, "இப்படியெல்லாம் கேட்டா காண்ட்ராக்ட் போயிருமே தம்பி" என்றார். எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. ஊரில் வேலை கிடைப்பது எளிதில்லை. இதை விட்டால் கிள்ளானுக்கோ ஷா ஆலாமுக்கோ போக வேண்டும், அறை வாடகை, பெட்ரோல் என்று சம்பளம் கரைந்துவிடும். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் அவளே, "கேக்கறது நியாயம்தானே அப்பா. பேரு என்னுதுதானே" என்று சொல்லி அனுப்பும் பொத்தானைத் தட்டினாள்.

இரண்டு வாரம் பதில் இல்லை. மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை கணினிப் பிரிவிலிருந்து இருவர் ஆலைக்கு வந்திருக்கிறார்கள். மூன்று கணக்கிலும் டிக்கை எடுத்தார்கள். எடுத்த அரை மணி நேரத்தில் லோரி நிறுக்கும் பழைய முறை நின்றுபோய்விட்டது. அப்போதுதான் அந்த டிக் எதற்காக விழுந்தது என்று எல்லாருக்கும் தெரிந்தது. வாசலில் குலை லோரிகள் வரிசை கட்ட, அவள் நோட்டுப் புத்தகத்தில் கையால் எடை எழுதிக் கொடுத்திருக்கிறாள். மறுநாள் அந்த முறைக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறந்து, அது நிறுக்கும் வேலையைத் தவிர வேறு எதையும் தொட முடியாதபடி கட்டி வைத்தார்களாம். அவளுக்குப் பெயர் மாற்றாத, புத்தம் புதுக் கணக்கு.

ஷோ-காஸ் கடிதத்துக்கு வந்த பதில் இரண்டே வரி. விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது, மேல் நடவடிக்கை இல்லை. 4768 பதிவுகளைப் பார்த்தார்களா, பார்த்ததில் என்ன இருந்தது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதை மறுபடி எழுதிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். ஒப்பந்தம் அடுத்த வாரம் தெரியும்.

நேற்றுக் காலை கைப்பேசியில் அவளிடமிருந்து ஒரு செய்தி. "சித்தப்பா, புது பாஸ்வர்ட் இருபத்தொரு எழுத்து வெச்சிருக்கேன். அப்பா பெரட்டுல சொல்ற ஒரு வாசகம். எதுன்னு மட்டும் கேக்காதீங்க."